கொங்கோலாவில் பிறந்தவர்கள்

1

லண்டன் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து கேட்கிறவர்கள் பாலத்தையும் பனியையும் எதிர்பார்க்கிறார்கள். நாற்பது வருஷத்தில் நான் அதிகம் பார்த்தது காத்திருக்கும் அறைகளைத்தான். ஹோம் ஒஃபிஸ், கவுன்சில், வேலை தேடித் தரும் கந்தோர், பிள்ளையின் பள்ளிக்கூடம், இப்போது ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் அதே நீலக் கதிரை, அதே இலக்கச் சீட்டு, ஊழியர்களை ஏச வேண்டாம் என்று சுவரில் அதே அறிவித்தல். ஏசுவதற்கு வேண்டிய இங்கிலீசு நான் இங்கே வரும்போதே என்னிடம் இருந்தது. துணிவுதான் இருக்கவில்லை.

என் இடது கண்ணில் வெண்படலம் எடுத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. திரும்பவும் பார்க்க வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கு மருந்து விட்டால் நான் கார் ஓட்டக்கூடாது என்பதால் மகள் மயூரி அரைநாள் லீவு போட்டுக் கூட்டிப்போனாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கவுன்சிலில் வீடு ஒதுக்கும் பிரிவில் வேலை, இரண்டு பிள்ளைகள். என்னோடு இருக்கிற நேரமெல்லாம் ஃபோனில் வேலை செய்வாள். ஏதாவது சொன்னால் தலை நிமிராமல், "ஐம் லிஸினிங், அப்பா" என்பாள்.

தாழ்வாரத்தில் இருந்தோம். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற ஊழியர் ஒருவர் வெறும் சக்கர நாற்காலியோடு எங்களைக் கடந்து போனார். நாலைந்து அடி போய் நின்றார், திரும்பி வந்தார். தலை நரைத்த கறுப்பினத்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"மலாம் சிவா?"

மலாம் என்றால் ஹவுசா மொழியில் வாத்தியார். என்னை அப்படி ஒருவர் கூப்பிட்டு நாற்பது வருஷம். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மனிதர் அந்தத் தாழ்வாரத்தில், அத்தனை பேருக்கும் முன்னால், என் காலடியில் குந்தினார். அங்கே மாணவன் வாத்தியாரைக் கும்பிடுவது அப்படித்தான்.

"நான் யாக்கூப், சேர். நூமான் பள்ளிக்கூடம், ஃபோம் த்ரீ. கேத்திரகணிதத்துக்கு உங்களிடம் அடி வாங்கியவன்."

மயூரி ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். யாக்கூப் அவளைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்த விதத்தை என்னால் மறக்க முடியாது.

"ஹுசைனா?" என்றான்.

"சொறி, ஐம் மயூரி," என்று சொல்லிச் சிரித்தாள் மகள்.

அவன் மேலே ஏதோ சொல்ல வாய் திறந்தான். "பர் ஷி," என்றேன் நான். விடு என்று அர்த்தம். நாற்பது வருஷம் பேசாத மொழி அந்த நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்தது. அவன் என்னைப் பார்த்தான், மயூரியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். வாத்தியார் சொன்னால் கேட்கிற பிள்ளை. பிறகு மெதுவாக, "மாமா சுகமா?" என்று என் மனைவியை விசாரித்தான். மாமா என்றால் அங்கே அம்மா. போன வருஷம் போய்விட்டாள் என்றேன். நெஞ்சில் கை வைத்து அவனுடைய மொழியில் ஒரு பிரார்த்தனை சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான்.

காருக்குள் ஏறியதும் மயூரி கேட்டாள்.

"நூமான் எங்கை இருக்கு?"

"நைஜீரியாவிலை. கொஞ்சக் காலம் படிப்பிச்சனான். நீ பிறக்க முந்தி."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"என்ன பெரிய விஷயம் சொல்லுறதுக்கு."

"அப்ப அவர் என்னை ஏன் ஹுசைனா எண்டவர்?"

"ஆளை மாறி நினைச்சிட்டான். வயசு போன ஆள்."

யாக்கூப்புக்கு என்னைவிடப் பதினெட்டு வயது குறைவு. மயூரி காரை எடுத்தாள். வால்தம்ஸ்டோவில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கண்ணுக்கு மருந்து விட மறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2

கொங்கோலா என்று ஒரு மாநிலம் இருந்தது. நைஜீரியாவின் கிழக்கு எல்லையில், கமரூன் மலைகளை ஒட்டி. எழுபத்தாறில் ஓர் இராணுவ ஆட்சி அதை உண்டாக்கியது. தொண்ணூற்றொன்றில் இன்னோர் இராணுவ ஆட்சி அதை இரண்டாகப் பிரித்து, அடமாவா என்றும் தராபா என்றும் பெயர் வைத்தது. எல்லாமாகப் பதினைந்து வருஷம். எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் அதைவிடக் கூட உழைத்தது.

எண்பதில் நான் அங்கே போனேன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கணித வாத்திமாருக்கும் விஞ்ஞான வாத்திமாருக்கும் நைஜீரியாக் காய்ச்சல். கொழும்பில் நேர்முகத் தேர்வு, கையில் ஒப்பந்தம், பிறகு விமானம். எனக்குக் கிடைத்தது நூமான். கொங்கோலா ஆறு பெனுவே ஆற்றோடு சேருகிற ஊர். ஒரு வருஷம் கழித்து என் மனைவி சறோ வந்தாள். வெய்யில் எங்கள் வெய்யில்தான். வேப்பமரம் வீதிக்கு வீதி நின்றது. காய்ச்சல் வந்தால் அந்தச் சனமும் அதன் இலையை அவித்துக் குடித்தது. சறோவுக்கு அந்த ஊர் முதல் கிழமையிலேயே பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது என்று சொல்வதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் மரியாதையோடு வேலை செய்த ஒரே இடம் அது. இங்கே வந்து இருபத்தேழு வருஷம் பெற்றோல் நிலையத்தில் காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். வாத்தியார் என்று யாருக்கும் தெரியாது.

எண்பத்துமூன்று ஜூனில் பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகள் என்றுதான் எழுதுகிறேன். இரண்டு பேர். முதலில் பையன், இருபது நிமிஷம் கழித்துப் பெட்டை. மயூரன், மயூரி என்று நாங்கள் பெயர் வைத்தோம். ஊர் எங்களைக் கேட்கவில்லை. ஹவுசாக்காரரிடம் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் தேடுகிற வேலையே கிடையாது. முன்னால் வந்த ஆண் ஹசன். பின்னால் வந்த பெண் ஹுசைனா. பள்ளிக்கூடக் காவல்காரரின் மனைவி ஹவ்வா வெந்நீரோடு வந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று அந்த இரண்டு பெயரையும் சத்தமாகச் சொன்னாள். அன்றையிலிருந்து நூமானுக்கு அவர்கள் ஹசனும் ஹுசைனாவும்தான். சந்தைக்குப் போனால் கிழவிகள் இரண்டு பிள்ளைகளையும் பறித்து ஆளுக்கு ஆள் கைமாற்றுவார்கள். சறோ பின்னாலேயே ஓடுவாள்.

ஒரு பிள்ளை மட்டும் பிறந்த வீட்டில் ஹுசைனா என்று யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே, முன்னால் ஒருவன் வந்தான் என்று தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆகும்போதுதான் ரேடியோவில் யூலைக் கலவரச் செய்தி கேட்டோம். நல்லகாலம் இங்கே இருக்கிறோம் என்று சறோ சொன்னாள். நானும் ஓம் என்றேன்.

3

தை மாதத்தில் அங்கே சகாராவிலிருந்து ஹர்மத்தான் என்று ஒரு காற்று அடிக்கும். ஊர் முழுக்கப் புழுதி, பகலிலும் எதிர்வீடு மங்கலாகத்தான் தெரியும். அந்தக் காற்றில் பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. மயூரிக்கு விட்டது. மயூரனுக்கு விடவில்லை. மூன்றாம் நாள் யோலாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கச்சான் கடலை மூட்டை ஏற்றிய லொறி ஒன்றில் முன் ஆசனத்தில் இடம் தந்தார்கள். பாதி வழியில், சறோவின் மடியில், அவன் போய்விட்டான். லொறிச் சாரதி வண்டியை நிறுத்தி இறங்கி, எங்களைத் தனியே விட்டுவிட்டு வீதியோரத்தில் நின்றார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

ஏழு மாதப் பிள்ளையை எரிப்பதில்லை. பள்ளிக்கூட வேலிக்கு அப்பால் புதைத்தோம். ஃபோம் த்ரீ பெடியள் நாலு பேர் கிடங்கு வெட்டினார்கள். அதில் ஒருவன் யாக்கூப். நாய் கிண்டிவிடும் என்று முள்ளுக் கிளைகளைத் தேடி வெட்டி வந்து மேலே பரப்பியதும் அவன்தான். கையெல்லாம் கிழிந்து இரத்தம். அடுத்த நாள் அந்தக் கையோடு என் வகுப்பில் வந்து இருந்தான்.

அந்தக் கையைத்தான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்துத்தான் நான் வாயை மூடு என்றேன்.

4

புதிய ஆட்சி வந்து எங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்குப் போக முடியாத காலம். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல் அறையில் இறங்கினோம்.

அந்தப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ஃபோம் அண்ணை என்பார்கள். அகதி விண்ணப்பம் நிரப்புவதில் விண்ணர். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு போய்க் குசினி மேசையில் இருந்து எழுதுவார். தேத்தண்ணியும் வடையும் தவிர ஒன்றும் வாங்கமாட்டார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் எழுதிய கதையால் எத்தனையோ குடும்பம் தப்பியது. ஆனால் அவரிடம் இருந்தது ஒரே கதை. அளவு பார்க்காமல் எல்லோருக்கும் அதே சட்டை.

என் ஒப்பந்தக் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"மாஸ்டர், உங்களுக்கென்ன விசரே? நைஜீரியா எண்டு எழுதினால், அங்கை நல்லா இருந்தனியள்தானே, அங்கையே போங்கோ எண்டுவான். நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டதே இந்த வருஷம்தான். விளங்குதோ? பெட்டை பிறந்தது யாழ்ப்பாணம். இந்தக் கடுதாசியளை எரியுங்கோ."

"மற்றப் பிள்ளை?" என்றாள் சறோ.

"அவன்தான் இல்லையே, தங்கச்சி."

"ரெண்டு பேரெண்டு எழுதுங்கோ. ஒராள் செத்துப்போச்சுது எண்டு எழுதுங்கோ."

"எங்கை செத்தது, எங்கை தாட்டது, சான்றிதழ் எங்கை எண்டு கேப்பான். ஒரு நூலை இழுத்தால் முழுதும் வந்திடும். இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ."

சறோ என்னைப் பார்த்தாள். நான் பேனையைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் கழுவுதொட்டியில் வைத்து எல்லாவற்றையும் எரித்தேன். கொங்கோலா மாநில முத்திரை பதித்த இரண்டு சான்றிதழும் அதற்குள் போயின. படங்களையும் எரிக்கச் சொன்னார், எரித்தேன். மயூரியின் பிறப்புக்கு ஊரில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து எடுப்பித்தோம். அதில் எத்தனை பேர் கையெழுத்து வைத்துச் சத்தியம் பண்ணினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நேர்முகத்தில் அந்த அதிகாரி நல்ல மாதிரித்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று சறோவைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முந்தி சறோ தானாகவே, "ஒன்" என்றாள். இந்த நாட்டில் அவள் சொன்ன முதல் இங்கிலீசுச் சொல் அதுதான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, கெட்டிக்காரி என்று அவள் தோளில் தட்டினேன். நான் தட்டின கையை அவள் எடுத்து விட்டாள். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த விஷயத்தை இருவரும் பேசவில்லை.

5

தொண்ணூற்றொன்றில் பெற்றோல் நிலையத்தில் விற்கிற பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில், நைஜீரியாவில் மாநிலங்களைத் திரும்பப் பிரித்திருக்கிறார்கள் என்று ஒரு சின்னச் செய்தி கிடந்தது. கொங்கோலா இனி இல்லை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். இரண்டு தரம் வாசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். சான்றிதழைக் கொடுத்த கந்தோரின் பெயர்ப் பலகையையே கழற்றியிருப்பார்கள். யாராவது தேடினாலும் இனி எதைத் தேடுவது?

பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சறோவிடம் காட்டினேன். அவள் வாசிக்கவில்லை. நான் வாசித்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டினாள்.

"மாநிலத்தைத்தானே அழிச்சவங்கள்," என்றாள். "பிள்ளையைத் தாட்ட நிலம் அங்கைதானே கிடக்கு."

மயூரிக்கு எட்டு வயது. நாங்கள் தமிழில் கதைத்தால் இங்கிலீசில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். யாழ்ப்பாணம் என்றால் மட்டும் அவளுக்கு ஒரு பெருமிதம். நான் ஊட்டி வளர்த்த பெருமிதம். பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தில் இலங்கையின் தலைப்பகுதியைக் காட்டி, இங்கேதான் நான் பிறந்தேன் என்று சொல்லுவாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இங்கே நடக்கிற தமிழர் கூட்டங்களில் மேடை ஏறினாள். "ஐ வாஸ் போர்ன் இன் யாழ்ப்பாணம்" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். சனம் கை தட்டும். நானும் முன் வரிசையில் இருந்து தட்டினேன். சறோ ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. வரச்சொல்லி மயூரி கேட்டுக் கேட்டு ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறந்தநாள் இன்னும் மோசம். சறோ விடிய எழும்பிச் சமைப்பாள், கேக் செய்வாள், சட்டை தைப்பாள். பிள்ளைகளெல்லாம் வந்து மெழுகுதிரி ஊதுகிற நேரம் பார்த்து மேலே போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிடுவாள். ஒவ்வொரு வருஷமும் படத்தில் மயூரியும் நானும்தான். பதின்மூன்றாவது வயதில் மயூரி இனிப் பிறந்தநாள் வேண்டாம் என்றாள். எனக்கு அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

தாயும் மகளும் அதற்குப் பிறகு ஒழுங்காகக் கதைத்ததில்லை. வெளியிலே இருந்து பார்க்கிறவர்கள், இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, தாயை மதிக்காது என்பார்கள். நானும் ஆமோதிப்பேன். வசதியான காரணம். இங்கே எங்கள் வீடுகளில் எது பிழைத்தாலும் பழியைப் போட இந்த நாடு இருக்கிறது.

6

மயூரி சனிக்கிழமை காலையில் வந்தாள். வழக்கமாகப் பிள்ளைகளோடு வருவாள். அன்று தனியே வந்து, கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள். ஃபோனை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"வாசியுங்கோ."

"கண் தெளிவில்லை, பிள்ளை."

"அப்ப நான் வாசிக்கிறன்." இங்கிலீசில் வாசித்தாள். ஹுசைனா: இரட்டையரில் இரண்டாவதாகப் பிறந்த பெண்ணுக்கு ஹவுசா மக்கள் இடும் பெயர். முன்னால் பிறந்த ஆண் பிள்ளை ஹசன்.

நான் கேத்திலைப் போட எழும்பினேன்.

"இருங்கோ, அப்பா."

இருந்தேன்.

"அவர் ஆளை மாறேல்லை, என்ன?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், லொறி, முள்ளுக் கிளை, ஃபோம் அண்ணை, கழுவுதொட்டி. வகுப்பில் நிறுவல் எழுதுகிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. எதற்கும் என்னிடம் காரணம் இருந்தது.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"பழைய ஆக்களுக்கு. உன்ரை பெரிய மாமாவுக்கு, அம்மம்மா ஆக்களுக்கு. சொல்ல வேண்டாமெண்டு நான்தான் எழுதினனான்."

"சோ, எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உன்ரை நன்மைக்குத்தான். உன்னை அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம்."

"எனக்கு ரெண்டு வயசிலை உங்களுக்குப் பயம், ஓகே. இருபது வயசிலை? நாப்பது வயசிலை?" இதை இங்கிலீசில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும். பிறகு சொன்னதை மட்டும் தமிழில், தேடித் தேடிச் சொன்னாள்.

"அம்மாவுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நான் நினைச்சனான். நான் பிறந்தது அவவுக்குப் பிடிக்கேல்லை எண்டு. ஒவ்வொரு பேர்த்டேயும் தண்ணிச் சத்தம் கேக்கும். நான் ஒரு மிஸ்டேக் எண்டு நினைச்சனான், அப்பா. ஆஸ்பத்திரியிலை அவ என்ரை கையைப் பிடிக்க வந்தவ. நான் எடுத்திட்டன். உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்தனீங்கள். அப்பவும் சொல்லேல்லை."

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது உண்மை.

சறோவின் கடைசிக் கிழமை அது. மகள் போன பிறகு என்னைக் கிட்ட வரச்சொன்னாள். "என்ரை அறிவித்தலிலையாவது அவன்ரை பேரைப் போடுங்கோ," என்றாள். ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம்மவர் ஒருவர் செத்தால் இங்கேயும் முதல் வேலை இணையத்தில் மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கால் வைத்த நாடெல்லாவற்றையும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார். பிறந்து மூன்று நாளில் போன குழந்தையையும் காலஞ்சென்ற என்று போட்டு எழுதுவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும். எங்களுடைய சனத்துக்கு அதுதான் கடைசிக் கணக்கெடுப்பு.

ஓம், போடுறன் என்றேன் சறோவிடம். அவள் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போடவில்லை. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட, மயூரியின் பாசமிகு தாயார். நடுவில் நைஜீரியா இல்லை, மயூரன் இல்லை. அனுப்புகிற பொத்தானை நானே அழுத்தினேன்.

இதையும் மயூரியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் அதற்குத்தான் எழும்பினாள்.

"அம்மாவின்ரை ஆட்டைத் திவசம் எப்ப?"

"வாற கிழமை. நினைவஞ்சலி எழுதி வைச்சிருக்கிறன். அனுப்பேல்லை."

"காட்டுங்கோ."

என் பழைய லப்டொப்பைத் திறந்து கொடுத்தேன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். விரலை வைத்து வரிவரியாகப் போனாள். போன வருஷத்து வரிதான், ஒரு எழுத்தும் மாறவில்லை. தான் மட்டும் நிற்கிற இடத்தில் விரல் நின்றது.

"அவர் எனக்கு அண்ணாவா?"

"இருபது நிமிஷம்."

"அண்ணா," என்று சொல்லிப் பார்த்தாள். ஊரில் எந்தப் பிள்ளையும் பேசத் தொடங்கும்போதே சொல்லுகிற சொல். அவளுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் கிடைத்தது.

"பிள்ளை, ஒண்டு சொல்லட்டே? போடுறதெண்டால் பேரை மட்டும் போடுவம். நூமான், கொங்கோலா ஒண்டும் வேண்டாம். உன்ரை பாஸ்போட்டிலை யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. நீ கவுன்சிலிலை வேலை. ஆராவது மொட்டைக் கடிதம் போட்டால் உனக்குத்தான் கரைச்சல். என்ரை சிற்றிசன்சிப்பும்..."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கவுன்சிலில் அவளுக்கு முன்னால் வந்து பொய் சொல்கிற ஆட்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன்.

லப்டொப்பைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

7

திவசத்தன்று நினைவஞ்சலி வெளிவந்தது. என் கண் இப்போது தெளிவு. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், நைஜீரியா கொங்கோலா மாநிலம் நூமான், லண்டன் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்டிருந்த சறோ. நூமானில் உறங்கும் காலஞ்சென்ற மயூரன், நூமானில் பிறந்த மயூரி ஆகியோரின் அம்மா. பாசமிகு தாயார் என்று அவள் எழுதவில்லை, அம்மா என்றுதான் எழுதியிருந்தாள். என் மனைவி என்ற வரி இல்லை. இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. அவளே இருந்து தட்டியிருக்கிறாள், யாரையும் கேட்கவில்லை.

கனடாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஃபோன் வந்தது. "ஆர் அண்ணை அந்த மயூரன்?" என்று இளம் ஆட்கள் கேட்டார்கள். பழைய ஆட்கள் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து, சும்மா சுகம் விசாரித்து, வைத்தார்கள். மயூரி எடுக்கவில்லை. பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் யாக்கூப்பைத் தேடிப் பிடித்து, இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தாள் என்று மருமகன் சொல்லித்தான் தெரியும். ஃபெப்ரவரியில் அவளும் யாக்கூப்பும் நூமானுக்குப் போகிறார்களாம். யாக்கூப்புக்கு இடம் தெரியும். என்னை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த நினைவஞ்சலியை வாசித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். வரவில்லை. ஹோம் ஒஃபிசில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற யோசனைதான் முதலில் வந்தது. நாற்பது வருஷத்தில் இந்த நாடு எனக்குப் படிப்பித்தது அதை என்று சொல்லப் பார்க்கிறேன். ஆனால் அந்தக் குசினியில் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. இந்த நாட்டுக்கு என்னைப் பழக்க நேரமே இருந்திருக்காது.

இதை எழுதத் தொடங்கும்போது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுவது என்றுதான் இருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் திரும்ப ஒருமுறை இருந்து, அடையாளம் பிடிபடாமல் என் பெயர், மனைவியின் பெயர், மகளின் பெயர் எல்லாவற்றையும் மாற்றினேன். மயூரன் என்று எழுதியிருக்கிறேனே, அதுவும் அவனுடைய பெயர் இல்லை.